இணையத்திற்கு எல்லை, அழைப்பிற்கு வழி

இரவு 9 மணிக்கு மேலும் பிள்ளைகள் இணையத்தில் ஆழ்ந்திருப்பது உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்கும். ஆயினும் இணைப்பையே துண்டித்தால், குவைத்தில் உழைக்கும் தந்தையின் காணொளி அழைப்பும் நின்றுவிடும். நமக்கு 9 மணியாகும்போது அங்கு மாலை 6.30; வேலை முடித்து அவர் மக்கள் முகம் காண விழையும் வேளை அதுவே.

ஆதலின், இணைப்பை நிறுத்தாது, செயலிகளுக்கு வரம்பு விதித்தலே தக்கது. கூகுள் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘ஃபேமிலி லிங்க்’ இதற்கு உதவும். பிள்ளையின் ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் பெற்றோர் தம் கைபேசியிலிருந்தே ஓய்வு நேரம் குறிக்கலாம். அழைப்புச் செயலியை மட்டும் எந்நேரமும் இயங்க அனுமதிக்கலாம். விளையாட்டுகள் ஓயும், தந்தையின் குரல் தடையின்றி வரும்.

வரம்பு விதித்த அன்றே ஒருமுறை அழைத்துச் சோதித்தல் அவசியம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இம்முறையைக் கிராம சபையில் செய்து காட்டுவார்களாக.