வலிக்காத பல்லை யார் பார்ப்பது?

பால்பல் எப்படியும் விழப்போகிறது, அதற்கு எதற்கு வைத்தியம்? மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும். பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும். பல் வலித்தால் கொஞ்சம் புகையிலையை ஒதுக்கிக்கொண்டால் போதும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே இந்த நம்பிக்கைகள் உண்டு. இவை அனைத்துக்கும் வேராக இருப்பது ஒன்றுதான்: வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். சொத்தை பல்லின் மேல் ஓட்டில் இருக்கும்வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. உள்ளே நரம்பும் ரத்த நாளமும் இருக்கும் கூழை நெருங்கிய பிறகுதான் உயிர்போகும் வலி வருகிறது. அதற்குள் எளிய வழிகள் எல்லாம் கைநழுவி, வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பது என்ற இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன. ஆகவே, வலி இல்லாத நாட்களில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பல்லைக் காக்கும் வேலையும் நடக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம். பெரியவர்களுக்கு வயலும் சுரங்கமும் ஆலையும்.

பால்பல்லைப் பற்றிய நம்பிக்கையே இவற்றில் அதிகக் கேடு செய்வது. கடைசிப் பால்பல் விழப் பன்னிரண்டு வயதாகும். அதுவரை மெல்லுவதும், பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதன் வேலை. அதைவிட முக்கியமான ஒன்று பல வீடுகளில் தெரிவதில்லை. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. இது வாழ்நாள் முழுக்க இருக்கவேண்டிய நிலைப்பல். பெற்றோர் இதையும் பால்பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன் ஆழமான பள்ளங்களில் மாவும் இனிப்பும் தங்கி முதலில் சொத்தையாவதும் இந்தப் பல்தான். 2002-03இல் இந்தியா முழுவதும் நடந்த வாய்நல ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் கண்ணெதிரே முளைக்கும் பல்லை ஏழாம் வகுப்புக்குள் பாதிப் பிள்ளைகள் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றால், இதை வீட்டுப் பிரச்சினை என்று பள்ளி ஒதுக்கிவிட முடியாது.

ஆண்டுக்கொருமுறை பல் மருத்துவ முகாம் நடத்தினால் கடமை முடிந்தது என்பதும் ஒரு நம்பிக்கைதான். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பல்லையும் பார்க்கின்றன. அது தேவையான பணி. ஆனால் பார்த்துச் சொல்வதால் மட்டும் சொத்தை குறைந்துவிடாது. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, பள்ளியில் பல் பரிசோதனை நடத்தியதால் சொத்தை குறையவில்லை என்றே கண்டது. ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. மழலையர் பள்ளிகளில் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தினமும் ஒன்றாகப் பல் துலக்க வைத்தார்கள். கூடவே மற்றத் தடுப்புப் பணிகளும் நடந்தன. தொடக்கப்பள்ளியில் சேரும்போது சொத்தை இல்லாத பிள்ளைகள் 2003இல் 45 சதவீதம். 2018இல் 71 சதவீதம். நம் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. சாப்பிடும் முன் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து இரண்டு நிமிடம் துலக்க வைக்கலாம்.

ஆசிரியருக்கு இன்னுமொரு சுமையா, இத்தனை பேருக்குத் தண்ணீர்க் குழாய்க்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஆசிரியர்களின் சுமை உண்மையானது. மேற்பார்வைக்கு மகளிர் குழுவினரோ பெற்றோரோ வரலாம். குழாயைப் பற்றிக் கவலை வேண்டாம். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். வாய் கொப்பளிக்காமல் விட்டால்தான் ஃப்ளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃப்ளோரைடு இருக்கும் ஊர்களில் பேஸ்ட்டிலும் அது வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லில் கறை படியும். அந்தத் தண்ணீரைத்தான் மாற்றவேண்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பள்ளித் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடலாம். பேஸ்ட் விழுங்குவதற்கல்ல, பட்டாணி அளவு வைத்துத் துப்பப் பழக்கினால் ஆபத்தில்லை. வேப்பங்குச்சி அழுக்கை எடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் ஃப்ளோரைடு இல்லை. நம் பாட்டன்மார் காலத்தில் பிஸ்கட்டும் ஐந்து ரூபாய் இனிப்புப் பொட்டலமும் பள்ளி வாசலில் தொங்கவுமில்லை.

வேலைத்தலத்துக்கு வருவோம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், பெரம்பலூரின் கல்குவாரிகள், இரு மாவட்டங்களின் சோளம், பருத்தி, முந்திரிக் காடுகள்: எங்கும் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பொட்டலம் புகையிலையும் வேலையோடு சேர்ந்தே போகின்றன. ஒவ்வொரு இனிப்பு டீக்குப் பிறகும் அரைமணி நேரமாவது வாயில் அமிலம் நிற்கும். எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். தூசும் பல்லைத் தேய்க்கிறது. டென்மார்க்கில் கருங்கல் தொழிலாளர்களிடம் நடந்து 1988இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. முகக்கவசம் நுரையீரலுக்கு மட்டுமன்றிப் பல்லுக்கும் காப்பு. புகையிலை வலியைச் சற்று மரக்க வைக்கும், சொத்தையை ஆற்றாது. ஒதுக்கி வைக்கும் அதே கன்னத்தில்தான் புற்றுநோய் வருகிறது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றுதான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. வாயில் வெள்ளைப் படையோ, இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் வலிக்காவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன மற்ற இரண்டு அச்சங்களுக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். மேல்பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறுவேறு; பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. சுத்தம் செய்தபின் பல் ஆடுவதாகத் தெரிந்தால், ஈறு ஏற்கெனவே கெட்டு, பல்லில் படிந்த காரை அதை மறைத்திருந்தது என்றே பொருள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்குப் பல் வைத்தியமும் அதில் சேர்த்திதான். அதற்காக அரைநாள் விடுப்பு தர நிர்வாகங்கள் தயங்கக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: தினமும் பள்ளியில் பல் துலக்குவது ஒன்று, பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை உங்கள் தெருவில் நடைமுறைப்படுத்துவது மற்றொன்று.