குளமும் ஊரும்: உலர் வலயக் கிராமமொன்றில் கற்றவை

நம் நாட்டின் பெரும்பகுதி உலர் வலயமாகும். அங்கே ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகவே மழை கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு நீரைத் தேக்கி வைத்தால்தான் அங்கே பயிரும் உண்டு, ஊரும் உண்டு. உயர்தரத்தில் புவியியலை ஒரு பாடமாகக் கற்கும் நான், கடந்த ஏப்ரல் விடுமுறையில் கஹட்டகஸ்திகிலியவுக்கு அப்பாலுள்ள என் உம்மாவின் ஊரில் பத்து நாட்கள் தங்கினேன். அங்கு கண்டதையும் கேட்டதையும் பாடத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தொடராக அமைந்த குளங்கள்

அந்த ஊர் மிக அமைதியானது. பகலில் மயில்களின் சத்தமும் உழவு இயந்திரத்தின் சத்தமும் கேட்கும். இரவில் எப்போதாவது யானை வெடி கேட்கும். வீடுகள் குளக்கட்டுக்கு அருகே நெருங்கி இருக்கின்றன. கட்டின் கீழே வயல்வெளி, குளத்தின் மேலே காடு.

இந்தக் குளம் தனித்த ஒன்றல்ல. மேலேயுள்ள சிங்களக் கிராமத்தின் குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் எங்கள் குளத்துக்கு வருகிறது. அவர்களின் வயலில் பாய்ந்து வடிகின்ற நீரும் வருகிறது. எங்கள் நீர் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகிறது. ஒரே நீரோடையின் வழியில் இப்படித் தொடராக அமைந்த குளங்களை 'எல்லங்காவ' என்பார்கள். பேராசிரியர் சீ. எம். மத்தும பண்டார 1985 இல் இம்முறையை ஆய்வுலகுக்கு விளக்கி எழுதினார். உலக உணவு, விவசாய நிறுவனம் 2017 இல் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

குளத்தின் உறுப்புகள்

குளம் என்றால் கட்டும் நீரும் மட்டுந்தான் என்று பலர் நினைக்கிறோம். மாமா என்னைக் குளத்தைச் சுற்றி அழைத்துச் சென்று அதன் மற்ற உறுப்புகளையும் காட்டினார். பெயர்கள் சிங்களமாக இருந்தாலும் எங்கள் ஊரிலும் அவை அப்படியே வழங்குகின்றன.

கஸ்கொம்மன: குளத்தின் மேற்புறத்தில் மருது போன்ற மரங்கள் நிற்கும் பகுதி. காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது.

பெரஹன: அதையடுத்த புல்வெளி. மழைநீரோடு அடித்துவரும் மண்ணை வடிகட்டுகிறது.

கொடவல: குளத்துக்கு மேலே உள்ள நீர்க்குழி. வண்டலைப் பிடித்து வைப்பதோடு காட்டு விலங்குகளுக்கும் நீர் கொடுக்கிறது.

கட்டகடுவ: குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள மரச்செறிவு. கட்டின் வழியே கசியும் நீரிலுள்ள உவர், வயலைச் சேராமல் காக்கிறது.

நீர் குறைந்த ஆண்டில்

நான் போயிருந்த சமயம் பெரும்போக மழை குறைந்து, குளத்தில் மூன்றிலொரு பங்கு நீரே இருந்தது. சிறுபோகம் பற்றி முடிவெடுக்கக் கமக்காரர் அமைப்பின் கூட்டம் அஸர் தொழுகைக்குப் பின் நடந்தது. 'பெத்ம' செய்வதென்று தீர்மானித்தார்கள்.

பெத்ம என்பது பழைய வழக்கம். நீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயல்களில் மட்டும் பயிர் செய்வார்கள். அந்த நிலத்தை அந்தப் போகத்துக்கு மாத்திரம், அவரவர் காணியின் அளவுக்கேற்ப எல்லோருக்கும் பங்கிடுவார்கள். அறுவடை முடிந்ததும் காணி உரியவரிடமே திரும்பிவிடும். இதனால் கடைசி வாய்க்கால்காரருக்கும் அந்த ஆண்டு நெல் கிடைக்கிறது.

மாமாவின் இரண்டு ஏக்கரும் மதகடியில் இருக்கின்றன. பெத்ம இல்லாவிட்டால் அவருக்கு நீர் எட்டியிருக்கும். "மதகடியில வயல் வச்சிக்கிட்டு நமக்கு அரை ஏக்கர்தானா?" என்று மாமி கேட்டார். பெரும்போகத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. மாமியின் கேள்வியும் நியாயமானதே. பெத்மவுக்கு ஒரு விலை உண்டு, அதை மதகடி வயல்காரரே கொடுக்கிறார். மாமா மாமிக்கு மறுத்துப் பேசவில்லை. பிறகு என்னிடம், "குளம் வான் பாயுற வருஷம் எல்லாரும் நல்லவங்கதான் மகள். தண்ணி வத்துற வருஷத்துலதான் ஊரு எப்படிப்பட்டது எண்டு தெரியும்" என்றார்.

இன்றைய நிலை

இப்போது அந்த ஊரில் கட்டகடுவவின் பாதி வயலாக மாறிவிட்டது. பெரஹன இருந்த இடத்தில் சோளம் செய்கிறார்கள். அதனால் குளம் வேகமாகத் தூர்கிறது. கட்டுக்கு அருகிலுள்ள சில வயல்களில் உவர் ஏறியிருக்கிறது. பெக்கோ கொண்டு மண்ணை அள்ளினாலும், வடிகட்டும் புல்வெளி இல்லாதபோது அடுத்த மழையில் மண் திரும்ப வந்துவிடும்.

மாமாவின் மகன் கட்டார் போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார். கடனுள்ள வீட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் போய்விட்டால், எந்த மரத்தை வெட்டக் கூடாது, எந்தக் குழியை மூடக் கூடாது என்பதை அறிந்தவர்கள் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடுவார்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் கல்லூரியில் பலருக்கு இப்படியொரு ஊர் உண்டு. விடுமுறையில் அங்கு போகும் சகோதரிகள் ஒரு கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். குளத்தின் உறுப்புகளின் பெயர்களையும் அவற்றின் பயனையும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு வரைபடமும் வரைந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குளத்தைத் திருத்த வருபவர்கள் "முன்பு இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கும் நாளில், பதில் சொல்ல நம்மில் ஒருவராவது இருக்க வேண்டும்.