கொழும்பில் ஓர் அறையும் ஓர் ஓடரும்

எமதூரில் ஹோட்டல் என்றால் கொத்து ரொட்டி போடும் சத்தம்தான் முதலில் காதில் விழும். தங்குமிடத்தை லொட்ஜ் என்போம். இவ்வாரம் நான் எழுதுவது இரண்டிலும் சேராத மூன்றாம் ரகம்: வியாபாரிகளை மனதில் வைத்து வசதி செய்திருக்கும் நகரத்து ஹோட்டல்கள். "அது பெரிய புள்ளிகளுக்கு, நமக்கெதற்கு?" என்று கேட்கும் சகோதரர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நானும் அப்படி நினைத்து ஓர் ஓடரை இழந்தவன்தான்.

2006ஆம் ஆண்டு, மருதமுனைக் கைத்தறிச் சாரன் மாதிரிகளோடு இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் ஒருவர், எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார். புறக்கோட்டையில் நான் வழமையாகத் தங்கும் லொட்ஜைச் சொன்னேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. உட்காரக் கதிரை இல்லை. சாரன்களைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். கால் மணி நேரத்தில் மனிதர் எழும்பிவிட்டார். பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவேயில்லை. சரக்கில் குறையில்லை. அடுத்த பயணத்தில் அதே சாரன்களைக் கோட்டையிலுள்ள ஒரு ஹோட்டலின் லொபியில், இரண்டு தேநீருக்குக் காசு கொடுத்து, வேறொருவருக்குக் காட்டினேன். பேரம் முடிந்தது. நான் அங்கே அறை எடுத்திருக்கிறேனா என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

கோட்டை யோர்க் வீதியில், துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அது படையினர் தங்கிய கட்டடம். கப்பலால் இறங்குபவர் நடந்தே போய்ச் சேரலாம் என்பதுதான் அதன் முதல் வசதி. இன்றும் கணக்கு மாறவில்லை. புறக்கோட்டையில் கொள்வனவு உள்ளவர் தெஹிவளையில் மலிவாக அறை எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் த்ரீவீலுக்கும் வாகன நெரிசலுக்கும் போய்விடும். சம்மாங்கோட்டுப் பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு அறைக்கு நடந்து வரக்கூடிய தூரம் என்றால் நல்லது.

எம்மவர்களுக்கு அதிகம் இடிப்பது நேரம்தான். எமது பஸ் விடியுமுன்பே பஸ்டியன் மாவத்தையில் இறக்கிவிடும். ஹோட்டலில் அறை கிடைப்பதோ பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு. 1919இல் கொன்ராட் ஹில்டன் டெக்சாஸ் மாநிலத்தின் சிஸ்கோ என்ற எண்ணெய் ஊரில் தன் முதல் ஹோட்டலை வாங்கியதற்கே காரணம், அங்கே கட்டில்கள் எட்டு மணி நேர முறையில் நாளுக்கு மூன்று தடவை வாடகைக்குப் போனதுதான். தொழிலாளி வரும் நேரத்துக்குக் கட்டில் தயார். இங்கே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். முதல் நாளே தொலைபேசியில், காலையில் அறை தருவீர்களா, அதற்கு மேலதிகக் கட்டணமா, இல்லாவிட்டால் பையை வைத்துவிட்டு முகம் கழுவி உடுப்பு மாற்ற இடமுண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் பையை வைத்துக்கொள்வார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத மேசை, பக்கத்திலேயே பிளக், வேகமான இன்டர்நெட், பிரதி எடுக்கும் வசதி, உடுப்பு அயர்ன் செய்து தருதல், மணித்தியாலக் கணக்கில் கூட்ட அறை. நீச்சல் தடாகத்துக்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை. சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் உண்டா என்பதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். மீன் மட்டும் சாப்பிட்டுச் சமாளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விலையில்தான் ஏமாறுகிறோம். 20,000 ரூபா 'பிளஸ் பிளஸ்' என்றால் 20,000 அல்ல. சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 22,000 ஆகும். அதன்மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகியுள்ள வற் வரி 3,960. ஆக 25,960 ரூபா. எனவே "எல்லாம் சேர்த்து எவ்வளவு, காலைச் சாப்பாடும் அதற்குள்ளா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புறப்படும்போது பில்லைக் கடையின் பெயரில் போடச் சொல்லுங்கள். சொந்தப் பெயரில் வந்த பில்லைப் பார்த்து எனது கணக்காளர் முகம் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது.