எலும்பு கூடிய பிறகும் மாத்திரையா?

கேள்வி: பாம்பனில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த அம்மா, "எலும்புதான் கூடிடுச்சே" என்று எலும்புத் தேய்வுக்கான வாராந்திர அலென்ட்ரோனேட் மாத்திரையை மறுக்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. மாவுக்கட்டு சேர்த்தது பழைய முறிவை; மாத்திரை தடுக்க முயல்வது அடுத்ததை, முக்கியமாக இடுப்பு முறிவை. இடுப்பு முறிந்தவர்களுக்கு இதே வகை மருந்தான சோலெட்ரோனிக் அமில ஊசியை ஆண்டுக்கொருமுறை போட்டுப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது: புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்தன.

இந்த மருந்துகளால் தாடை எலும்பு அரிக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது மிக அரிது.

அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நீருடன் விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக்கூடாது, காபியும் கூடாது. கடலோர உவர்க் கிணற்று நீர் வேண்டாம். கால்சியம் மிகுந்த நீர் மருந்தை உடலில் சேரவிடாது. நல்ல குடிநீரே போதும்.

நெஞ்செரிச்சல் வந்தால் தாமாக நிறுத்தாமல், ஊசி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.