முதலை முட்டையும் மூன்றாவது மகளும்



மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்க்காத பிள்ளைகள் நம் பகுதியில் குறைவு. ரோமுலஸ் விட்டேக்கர் 1976ல் தொடங்கியது அது. அங்கே வளரும் நம் நாட்டுச் சதுப்புநில முதலைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 1989ல் வெளிவந்தது. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறதாம். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண் குஞ்சுகள் மட்டும், 32.5 டிகிரியில் ஆண் மட்டும்.

மனிதருக்கு அப்படி இல்லை. தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. எக்ஸா, ஒய்யா என்பது தந்தையின் விந்தணுவில் உள்ளது. "மூணாவதும் பொம்பளப் புள்ளையா?" என்று மருமகளிடம் கேட்கிற வாய்கள் இன்னும் இருக்கின்றன. கேட்பதானால் மகனிடம் கேட்க வேண்டும். அவர் கையிலும் அது இல்லை. நபி (ஸல்) அவர்களின் சந்ததியே மகளார் ஃபாத்திமா (ரலி) வழியாகத்தான் தொடர்ந்தது.

சரி, சூடு எப்படி இந்த வேலையைச் செய்கிறது? டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. இதற்குக் குரோமாட்டின் என்று பெயர். ஹிஸ்டோனில் ஒட்டும் சிறு வேதி அடையாளங்கள் சில மரபணுக்களைப் பூட்டும், சிலவற்றைத் திறக்கும். செங்காது ஆமையில் இது 2018ல் தெளிவானது. (ஆமைக்குச் சூடு குறைந்தால்தான் ஆண்.) சூடு குறைந்த முட்டையில் கே.டி.எம்.6பி என்ற புரதம், ஆணாக்கும் மரபணுவின் பூட்டைக் கழற்றுகிறது. அந்தப் புரதத்தைக் குறைத்தபோது, ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்தன.

இந்த அடையாளங்கள் பிள்ளைகளுக்கும் போகுமா? மண்ணில் வாழும் சி.எலிகன்ஸ் என்ற 1 மில்லிமீட்டர் உருளைப்புழுவில் 2009ல் விடை கிடைத்தது. முன்பெல்லாம் மதரஸாவில் பலகையைக் கழுவிவிட்டுத்தானே அடுத்த பாடம் எழுதுவார்கள்? அதுபோல, பெற்றோரின் விந்தணுவும் கருமுட்டையும் உருவானபோது விழுந்த அடையாளங்களை எஸ்.பி.ஆர்.5 என்ற புரதம் அழிக்கிறது. குட்டிப் புழுவின் இனப்பெருக்கச் செல்கள் புதிதாகத் தொடங்குகின்றன. அந்தப் புரதம் இல்லாத புழுக்களும் முதல் தலைமுறையில் நன்றாகவே பெருகின. ஆனால் துடைக்கப்படாத அடையாளங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சேர்ந்துகொண்டே போயின. சுமார் 20 தலைமுறை ஆனபோது வம்சமே அற்றுப்போகும் நிலைக்கு வந்தது.

இதே வகைப் புரதம் மனிதரிடமும் இருக்கிறது. அதன் பெயர் எல்.எஸ்.டி.1.