சொன்னதும் சொல்லாமல் உணர்த்தியதும்

ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வுக்காக ஆங்கிலத்தில் ஒரு சிறு பத்தியை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார். குடையை உதறி மூலையில் சாய்த்து வைக்கிறார். ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறார். இவ்வளவுதான். கீழே ஒரு கேள்வி: வானிலையைப் பற்றி எழுத்தாளர் என்ன சொல்கிறார்? இரண்டு மதிப்பெண். எல்லாரும் மழை பெய்வதாக எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், எழுத்தாளர் வானிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். சுழியம் போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று மதிய இடைவேளையில் தாளோடு வந்து நின்றாள். "சார், எந்த வரியில சொல்லியிருக்காருன்னு காட்டுங்க, திருத்தி எழுதிக்கிறேன்." குறை சொல்ல வரவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள். விரல் வைத்துத் தேடினேன். அப்படி ஒரு வரி இல்லை. கேள்வியில் நான் 'ஸே' என்ற வினையைப் போட்டிருந்தேன். அங்கே 'சஜஸ்ட்' அல்லது 'இம்ப்ளை' வந்திருக்க வேண்டும். தவறு என் கேள்வியில் இருந்தது.

அடுத்த வாரம் இந்தச் சொற்களுக்கென்றே இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். தமிழில்தான் தொடங்கினேன். "அப்பா காதில் விழும்படி அம்மா, 'அரிசி டப்பா அடி தெரியுது' என்கிறார். அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார். அம்மா கடைக்குப் போகச் சொன்னாரா?" கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சொல்லல சார், ஆனா சொன்னாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். அம்மா செய்தது இம்ப்ளை. அப்பா செய்தது இன்ஃபர். சொல்பவர் பொதிந்து வைக்கிறார், கேட்பவர் பிரித்து எடுக்கிறார். இம்ப்ளை என்பதன் இலத்தீன் மூலத்துக்கே உள்ளே மடித்தல் என்றுதான் பொருள்.

எங்கள் தமிழாசிரியரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் திருக்குறளை நினைவூட்டினார். 71ஆம் அதிகாரமும் 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல், 128ஆவது குறிப்பறிவுறுத்தல். குறிப்பை அறிவது இன்ஃபர், குறிப்பை அறிவிப்பது இம்ப்ளை. இந்த இரு தலைப்புகளையும் கரும்பலகையில் ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே எழுதியதும் குழப்பம் பாதி தீர்ந்தது. மீதிக்கு எழுவாயைப் பார்க்கச் சொன்னேன். இன்ஃபர் செய்ய ஓர் ஆள் வேண்டும். வாசகர், நீதிபதி, மாணவர் என யாராவது ஒருவர். குடையோ மேகமோ எதையும் இன்ஃபர் செய்யாது. ஆனால் நனைந்த குடை மழையை சஜஸ்ட் செய்யலாம், ஒருவரின் மௌனம் சம்மதத்தை இம்ப்ளை செய்யலாம்.

ஆங்கிலேயர்களிடமும் இந்தத் தடுமாற்றம் பழையது. தாமஸ் மோர் 1528இல் இரண்டு சொற்களையும் இன்று நாம் சரியென்று கற்பிக்கும் பொருளிலேயே எழுதினார். அவரே 1533இல் இன்ஃபரை இம்ப்ளைக்கு நெருக்கமான பொருளிலும் எழுதினார். ஆகவே பிள்ளைகள் மாற்றி எழுதினால் நாம் கோபப்பட வேண்டியதில்லை. ஆனாலும் தேர்வுத் தாளில் வேறுபாட்டைக் காப்பதே பாதுகாப்பு.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான இடைஞ்சல் சஜஸ்ட்தான். ஆலோசனை கூறு என்ற பொருளில் மட்டுமே அவர்கள் அதைக் கற்றிருக்கிறார்கள். இந்தச் சொல் எதை சஜஸ்ட் செய்கிறது என்று கேட்டால், ஏதோ அறிவுரை கேட்கிறார்கள் என்று நினைத்து நீதிக்கருத்து எழுதிவிடுகிறார்கள். உணர்த்து என்ற இரண்டாம் பொருளை ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். ஆலோசனைப் பொருளிலும் ஒரு பிழை நிலைத்துவிட்டது: 'ஹி சஜஸ்டட் மீ டு கோ'. அட்வைஸ் என்ற வினைக்குப் பொருந்தும் அமைப்பு சஜஸ்ட்டுக்குப் பொருந்தாது. 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ' என்பதே சரி. நானும் பல ஆண்டுகள் இந்தப் பிழையோடு பேசியவன்தான்.

ஹின்ட் எளிது. "எட்டாம் பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்று தேர்வுக்கு முதல் நாள் கோடி காட்டுகிறோமே, அதுதான். இன்சினுவேட் என்பதற்கு அகராதியில் பல சொற்கள் இருக்கலாம்; வகுப்பில் எடுபட்டது பொடி வைத்துப் பேசுவது என்பதே. அதில் எப்போதும் ஒரு பழி ஒளிந்திருக்கும். எடுத்துக்காட்டு கேட்டேன். ஒருத்தி எழுந்து, "இந்தத் தடவை மார்க் நல்லா வந்திருக்கே, பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?" என்றாள். யார் யாரிடம் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வகுப்பில் பலர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். சொல்லப்படாததை நானாகவே இன்ஃபர் செய்துகொண்டேன். அப்படி ஒரு கேள்வியை நானும் எப்போதோ கேட்டிருப்பேன்.

இப்போது வினாத்தாள் எழுதி முடித்ததும், 'ஸே' வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியில் வரியைத் தேடிப் பார்க்கிறேன். வரி கிடைக்காவிட்டால் வினையை மாற்றிவிடுகிறேன். அந்த மாணவியின் தாளில் இரண்டு மதிப்பெண் சேர்த்துக் கூட்டலைத் திருத்தினேன். மதிப்பெண் பதிவேட்டில் ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்ததால், அங்கும் அடித்து எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.