வளரும் பிள்ளையின் குதிகால் வலி

கேள்வி: பள்ளியில் கபடி ஆடும் 11 வயதுச் சிறுவனுக்கு ஓடியபின் குதிகால் வலிக்கிறது, குறைந்த விலை ஷூ மெத்தை போதுமா? – வாசகர், மண்டகப்பட்டு, செஞ்சி.

பதில்: ஓடியாடும் சிறுவருக்கு வரும் குதிகால் வலிக்குப் பெரும்பாலும் காரணமாவது, 1912இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் வாரன் செவர் விவரித்ததால் ‘செவர் நோய்’ எனப்படும் நிலையாகும். குதிகால் எலும்பின் பின்முனையில் இன்னும் இறுகாத குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் கெண்டைக்கால் தசை விறைத்து, தன் தசைநாண் வழியே அத்தட்டை இழுக்க, கட்டாந்தரையின் அதிர்ச்சியும் சேர்ந்து அதனை நோகச் செய்கிறது. குதிகாலின் இரு பக்கங்களையும் சேர்த்து அழுத்தும்போது சிறுவன் முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டால், அது வலுவான அடையாளம்.

அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த மெத்தை தொடக்கத்தில் தேவையே இல்லை. தொழுநோயாளரின் பாதங்களைக் காக்கவும், நீரிழிவு நோயாளரின் செருப்புகளிலும் பயன்படும் எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பரை, 1 செ.மீ.க்கு மிகாத தடிமனில், முன்விளிம்பைச் சரிவாகச் சீவி, இடுப்பு சாயாதிருக்க இரு ஷூக்களிலும் வைத்தால், குதிகால் சற்றே உயர்ந்து இழுப்பும் அதிர்ச்சியும் தணியும். ஆயினும் கபடியை வெறுங்காலுடன் ஆடினால், களத்தில் மெத்தை உதவாது. ஆகவே வலி அடங்கும்வரை ஆட்டத்தைக் குறைத்து, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்வது இன்றியமையாதது. வீக்கம், காய்ச்சல், உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.